அணைந்த குப்பி

என் அக்கா பெற்றெடுத்த விஞ்ஞானிக்கு,

உன் தாய்மாமன் மனம் நிறைந்து எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்த முறை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நீ செய்து அனுப்பிய சோதனைப் பெட்டி வந்து சேர்ந்தது. தபால்காரர் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவுப் பெட்டி என்பது நமக்குள் இருக்கட்டும். அதிலுள்ள சின்னக் குப்பிகளில் இருக்கும் நீர், ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும், ஒரு தூளைக் கலந்ததும் ஒளி அணைந்தால் மூச்சை நிறுத்தும் அந்தச் செயற்கை போதை மருந்து அதில் இருக்கிறது என்று போனில் சொன்னாய் அல்லவா? அதையே நான் என் பங்குக்குச் செவ்வாய், சனி என்று இரண்டு கிரகங்களையும் சேர்த்து, என் டயர் பட்டறையில் விளக்கினேன். எட்டாவது படித்தவன் பேச்சா இது என்று எதிர்வீட்டு டீச்சரே வாயைப் பிளந்தார்.

உப்பைப் போட்டேன், ஒளிர்ந்தது. சர்க்கரையும் ஒளிர்ந்தது. ஆயிரம் பேர் கைதட்டினார்கள். சரி, ஆறு பேர்.

அப்போதுதான் என் மகன் கிடங்கு வேலைக்குக் கிளம்பி வந்தான். மூட்டை தூக்கி அவனுக்கு முதுகு போய்விட்டது. கூட வேலை பார்ப்பவன் எங்கேயோ வாங்கித் தந்த வலி மாத்திரையை உடைத்து, “இந்தாப்பா, இதையும் உன் சர்க்கஸ்ல சேர்த்துக்கோ” என்று பாதியை நீட்டினான். மீதிப் பாதி அவன் விரலில். அடுத்த கையில் தண்ணீர் டம்ளர்.

குப்பி அணைந்துவிட்டது.

“அண்ணே, உங்க மருமக கண்டுபிடிப்பு படுத்துடுச்சு” என்று பக்கத்து சலூன்காரர் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. டார்ச்சைத் திட்டினேன், பேட்டரியை மாற்றினேன், அதை விற்ற கடைக்காரனின் பரம்பரையையே இழுத்தேன். புதுக் குப்பியில் உப்பைப் போட்டேன்: பச்சை. இன்னொன்றில் அந்த மாத்திரைத் துகள்: இருட்டு. டார்ச்சில் குறையில்லை.

“சீக்கிரம்பா, நேரமாச்சு” என்று அவன் மீதியை வாய்வரை கொண்டுபோனான். சிங்கம்போல் கத்தினேன் என்று ஊரில் சொல்லி வருகிறேன். உண்மையில் கத்தவே இல்லை. கையைத் தட்டிவிட்டேன். டம்ளர் உருண்டு போயிற்று.

அவன் முதலில் போனில் கூப்பிட்டது மாத்திரை தந்த அந்த நண்பனைத்தான். “டேய், அதைத் தொடாதே, தொடாதே” என்று சொன்னான். நண்பனும் இன்னும் போட்டிருக்கவில்லை. மாத்திரைகளை மருத்துவமனையில் ஒப்படைத்தோம். முதுகுக்கு இப்போது சரியான வைத்தியம் நடக்கிறது.

இருநூறு உயிர் பிழைத்தது என்று ஊரில் அளந்துகொண்டிருக்கிறேன். உனக்கு மட்டும் சரியான கணக்கு: இரண்டு.

“தோத்துத் தோத்து வெறுத்துப்போச்சு மாமா, யாருக்காக இதெல்லாம்?” என்று போன முறை கேட்டாய். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். இதோ, மதியச் சாப்பாடு முடித்து அவன் அடுத்த அறையில் குறட்டை விடுகிறான். முன்பெல்லாம் தலையணையை வீசுவேன். இப்போது அந்தச் சத்தம் கொஞ்சம் நின்றால், பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். என்ன என்று கேட்கும் உன் அத்தையிடம் கொசு அடிக்க வந்தேன் என்கிறேன்.

விட்டுவிடாதே அம்மா. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னை மூச்சுக்கு முந்நூறு தரம் நினைக்கும்
(இது அளப்பு இல்லை)
உன் மாமன்