அப்பாவின் மாம்பழப் புகையும் அலிநூரின் கால்நூலும்

கரகோல், கிர்கிஸ்தான்,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பு மகள் பெரிசாத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், நாயிலிருந்து உன் அப்பா வரைக்கும் இங்கே எல்லோரும் சுகம், அதில் நாய்தான் கொஞ்சம் கூடுதல் சுகம். நீயும் மாப்பிள்ளை ஜோமார்ட்டும் அந்தக் கொரியப் புழுக்கத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீபெக் சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் படம் வந்தது, உன் அப்பா அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டி முடித்துவிட்டார், காட்ட ஆள் கிடைக்காதபோது எனக்கே திரும்பவும் காட்டுகிறார். தினமும் போனில் பேசும்போது இது என்ன திடீர்க் கடிதம் என்று நினைப்பாய். நீ போனில் வரும்போதெல்லாம் அவர் என் தோளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் பேசுவது. லீவுக்கு ஊருக்கு வந்த உன் தோழி நாளை மறுநாள் அங்கே திரும்புகிறாள், உலர்ந்த ஏப்ரிகாட்டோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். பழத்தை எல்லோரும் தின்னுங்கள், கடிதத்தை நீ மட்டும் படி.

விஷயம், சிகரெட்டுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று குளிர்காலத்தில் நீ அனுப்பிய வேப், அந்த மின் சிகரெட். முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அவர் சிகரெட்டை விட்டது விட்டதுதான், திருட்டுத்தனமாகக்கூட ஒன்று பிடிக்கவில்லை, நான் கோட்டுப் பைகளை மோந்து பார்த்துத்தான் சொல்கிறேன். விரலில் இருந்த மஞ்சள் போய்விட்டது, காலையில் எழுந்ததும் டிராக்டர் கிளப்புகிற மாதிரி இருமுவாரே, அதுவும் போய்விட்டது. நீ பெருமைப்பட்டு எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் போன் போட்டு, அப்பா புகையை விட்டுவிட்டார் என்று சொன்னதில் தப்பில்லை. ஆனால் மகளே, சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. அதைப் பிடிக்க அவர் கோட்டு மாட்டி, பூட்ஸ் மாட்டி, அந்தப் பனியில் கொல்லைக்குப் போய் நாயோடு நிற்க வேண்டும், கடைசியில் விரல் சுட்டதும் உள்ளே வந்துவிட வேண்டும். இந்த வேப்புக்கு கோட்டும் வேண்டாம், முடிவும் கிடையாது. டீக்கு முன்னால் ஒரு இழுப்பு, டீ ஆறுவதற்குள் ஒரு இழுப்பு, டீ ஆறிப் போய்விட்டதே என்ற வருத்தத்தில் ஒரு இழுப்பு. விளையாட்டு வாத்தியார் விசிலைப் போல அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்திலேயே தொங்கவிட்டிருக்கிறார். ஏன் இப்படி ஓயாமல் ஊதுகிறீர்கள் என்று கேட்டால், "இது புகை இல்ல சைரா, ஆவி. கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கிறவ நீ, உனக்குத் தெரியாதா வித்தியாசம்?" என்கிறார். எனக்குத் தெரியும், நிகோடினுக்குத் தெரியாதே என்றேன். அதற்கும் ஒரு இழுப்பு.

வீடு முழுக்க மாம்பழ வாசனை. இந்த மனிதர் பிறந்ததிலிருந்து மாம்பழத்தைத் தின்றதில்லை, கடையில் பார்த்ததுகூடச் சந்தேகம்தான், ஆனால் அதன் ருசியைப் பற்றி இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்கிறார். போன மே மாதம் நீ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, அப்பா, படம் ஏன் இப்படி மங்கலா இருக்கு, நெட் சரியில்லையா என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா. "ஆமா மகளே, மலையில மழை" என்றார். நெட் நன்றாகத்தான் இருந்தது, மழையும் இல்லை. நீ பார்த்தது மாம்பழம்.

அவருடைய ஓட்டுநர் பள்ளிக் காரில் நடந்தது அதைவிட மோசம். ஒரு நர்ஸ் பெண்ணுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், தூசி வருகிறது என்று கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு அவர் பாட்டுக்கு ஊதியிருக்கிறார். சந்தை முனையில் அந்தப் பெண் மூச்சு முட்டிக் கதவைத் திறக்க, உள்ளேயிருந்து வெள்ளையாகப் பொங்கியிருக்கிறது. அங்கே தர்பூசணி விற்கிற அம்மாள், "ஐயோ, வண்டி பத்திக்கிச்சு, பொண்ணு உள்ள இருக்கா!" என்று கத்திக்கொண்டே பழம் கழுவுகிற வாளித் தண்ணீரை அப்படியே தூக்கி ஊற்றிவிட்டாள். பெண் தப்பித்தாள், உன் அப்பாதான் முழுசாக நனைந்தார். சொட்டச் சொட்ட இறங்கி நின்று, "தீ இல்லம்மா, மாம்பழம்" என்று சொன்னாராம். அந்த அம்மாள் இன்னும் நம்பவில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்த நர்ஸ். இவர் வீட்டுக்கு வந்து சொன்னது, இன்றைக்கு மூடுபனியில் ஓட்டப் பழக்கினேன் என்று.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம், அதற்காக நான் கடிதம் எழுத மாட்டேன். உன் தம்பி மகன் அலிநூர் நடக்கத் தொடங்கியதற்கு நாம் வைத்த துஷோ விழாவில் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ வர முடியவில்லையே என்று அழுதாய், திலேக் போட்டோக்களை அனுப்பினான், ஆனால் உன் தம்பி கெட்டிக்காரன், அனுப்பக் கூடாததை அனுப்பவில்லை. நம் வழக்கப்படி குழந்தையின் காலிரண்டையும் கறுப்பு வெள்ளை நூலால் கட்டி, ஓட்டத்தில் முந்தி வருகிற பிள்ளையை வெட்டச் சொல்வோம் இல்லையா, திலேக் இந்தத் தடவை வேறு மாதிரி சொன்னான். பிள்ளைகளை ஓடவிட்டால் தோற்றதெல்லாம் அழும், பேசாமல் தாத்தா பாட்டிமார் ஓடுங்கள், முந்தி வருகிறவர் நூலை வெட்டட்டும் என்றான். உன் அப்பாவுக்கு அன்றிலிருந்தே தரையில் கால் பாவவில்லை. நூலை வெட்டுகிறவரின் நடையும் குணமும் பிள்ளைக்கு வரும் என்பதை நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, அவர் மட்டும் அதை அப்படியே நம்புகிறார். பேரன் என்னைப் போலத்தான் நடக்கப் போகிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். "சிகரெட்டை விட்டவன் நான். நெஞ்சு புதுசு. அந்தக் கலிபா குதிரை மேல உக்காந்தாலே மெதுவாத்தான் போவா, அவளா என்னை முந்தப் போறா?" என்றார். சம்பந்தியம்மாளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று மருமகள் முகம் சுளித்தாள், அவள் அம்மா அல்லவா.

துஷோ அன்றைக்குக் காலையில் மருமகள் ஆர்ச்சா மரக் குச்சியைக் கொளுத்தி, கண்ணேறு போக வீட்டுக்குள் மூலை மூலையாகப் புகை காட்டிக்கொண்டு வந்தாள். இவர் அவள் பின்னாலேயே போய், விட்டுப்போன மூலைக்கெல்லாம் தானும் ஊதிவிட்டு வந்தார். அவள் ஜன்னலைத் திறந்துவைத்தாள். பிறகு எல்லோரும் தெருவுக்குப் பின்னால் உள்ள புல்வெளிக்குப் போனோம். கலிபாவின் கணவருக்கு முழங்கால் சரியில்லாததால் அவர் ஓடவில்லை, மூத்தவர் என்ற முறையில் ஓட்டத்துக்கு முன்னால் அவர்தான் ஆசி சொன்னார். கூட்டம் முழுக்கக் கையை விரித்து நின்றது. ஆசி கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, மலை, மந்தை, மழை எல்லாவற்றையும் சொல்லி முடித்து ஓமின் என்றார், எல்லோரும் கையால் முகத்தைத் தடவி இறக்கினோம். உன் அப்பா அந்தக் கை மறைவில் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு இழுப்பு இழுத்து உள்ளே வைத்திருந்திருக்கிறார். கை இறங்கியதும் வாய், மூக்கு என்று எல்லா வழியாலும் அது வெளியே வந்தது. முன்வரிசையில் நின்ற யாருடைய குழந்தையோ, "அம்மா, இந்தத் தாத்தா கொதிக்கிறாரு" என்றது. எனக்கு அப்போதே வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது.

ஓட்டம் பாப்லர் மரத்தடியிலிருந்து நம் வேலிக் கதவு வரைக்கும். ஓடியது நாங்கள் மூன்று பேர், இவர், கலிபா, நான். கலிபாவின் கணவர் வெள்ளைத் துணியை ஆட்டியதும் இவர் புறப்பட்ட வேகத்தைப் பார்த்து எனக்கே ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. கழுத்தில் அந்த வேப் குதித்துக் குதித்துத் தாடையில் அடிக்க, அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பாதி தூரத்தில் ஏப்ரிகாட் மரத்துக்குப் பக்கத்தில் வேகம் குறைந்தது. அப்புறம் இருமல். பழைய டிராக்டர் இருமல் இல்லை, மெல்லிசாக விசில் மாதிரி ஒன்று, மூச்சு உள்ளேயே போகவில்லை, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கலிபா கோடை முழுக்க மேய்ச்சல் மலையில் ஏறி இறங்கிக் குதிரைப்பால் கறக்கிறவள், வெல்வெட் சட்டையும் அவளுமாக, ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில், "என்ன சம்பந்தி, ரயில் நின்னுருச்சு? கரி போடணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஊரே சிரித்தது. நான் ஓடவில்லை மகளே, அந்த வயதையும் அந்த மனதையும் கடந்துவிட்டேன், செருப்போடு நடந்துதான் போனேன். நடந்தே அவரை முந்தினேன். பக்கத்தில் நின்று தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், கையால் போ என்று காட்டினார், போய்விட்டேன். இரண்டாவதாக வந்ததற்கு எனக்கு ஒரு தேநீர்க் குடுவை பரிசு.

நூலைக் கலிபா வெட்டினாள். உன் அப்பா ஒருவழியாக வந்து சேர்ந்து புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், முகம் பீட்ரூட் மாதிரி. தோற்றதை அவர் தாங்கிக்கொண்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை, அலிநூருக்குக் கைதட்டக்கூடச் செய்தார். எல்லோரும் குழந்தையைக் கலிபா பக்கம் கூப்பிட்டார்கள். அவன் ரெண்டு எட்டு வைத்தான், நின்றான், நேராகத் தாத்தாவிடம் போனான். கழுத்தில் நீல விளக்கோடு தொங்கிய வேப்பைப் பிடித்தான், வாயில் வைத்தான், பிறகு எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை லேசாக மூடி, உதட்டைக் குவித்து ஃபூ என்று விட்டான். அசல் உன் அப்பா. அந்தக் கண்ணை மூடுகிற விதம்கூட. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கலிபா, "வெட்டினது நானு, அதனால காலு என்னுது. வாய் மட்டும் உங்களுது சம்பந்தி" என்றாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேப்பைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டார், குழந்தையின் வாயைத் தன் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவன் அழ ஆரம்பித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். திலேக் வந்து தூக்கிக்கொண்டான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது, போர்சோக் ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் போட்டுக்கொண்டே, "நான் எவ்வளவு இழுக்கிறேன்னு எனக்கே தெரியாது சைரா. சிகரெட்டுன்னா பாக்கெட்டைப் பாத்தா தெரியும்" என்றார். இத்தனை மாதத்தில் அவர் பேசிய முதல் அறிவியல் அது. தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை, எறிந்தால் மறுநாள் சிகரெட் வாங்கிவிடுவார், அந்தப் பயம் எனக்கு உண்டு. சிகரெட்டுக்கு இருந்த சட்டம் எல்லாம் இதற்கும் இருக்கட்டும் என்றேன். கோழிக் கொட்டகையில் ஒரு ஆணி அடித்தோம், வேப் இனிமேல் அங்கேதான் தொங்கும். வேண்டுமென்றால் கோட்டு மாட்டி, பூட்ஸ் மாட்டிப் போய், நின்றுகொண்டு பிடித்துவிட்டு வர வேண்டும், காருக்குள் கிடையாது, குழந்தை கண்ணில் படக் கூடாது. "இந்த வெயில்ல கோட்டாடி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்போது ஆகஸ்ட் வெயிலில் கம்பளிக் கோட்டோடு கோழிகளுக்கு நடுவில் நிற்கிறார், தெருவில் போகிறவர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்கள். விட்டுவிட்டார் என்று எழுத மாட்டேன், நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. முதல் வாரம் என்மேல் எரிந்து எரிந்து விழுந்தார். ஆனால் நேற்று மழை பெய்தபோது வாசல்வரை போய், கோட்டைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், திரும்பி வந்து டீயைச் சூடாகவே குடித்தார்.

"பெரிசாத்கிட்ட சொல்லாதே, தான் அனுப்பினதுனாலதான்னு மனசு உடைஞ்சிருவா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். சொல்லாதே என்றுதான் சொன்னார், எழுதாதே என்று சொல்லவில்லை. நீ மனசை உடைத்துக்கொள்ளாதே, நீ நல்லது நினைத்துத்தான் அனுப்பினாய், அதனால் நல்லதும் நடந்திருக்கிறது. அடுத்த பார்சலில் அந்தத் திரவப் புட்டி மட்டும் வேண்டாம், அவரே கேட்டாலும் வேண்டாம். அக்டோபரில் வரும்போது முடிந்தால் ஒரு நிஜ மாம்பழம் கொண்டுவா, அந்த மனிதர் தின்று பார்க்கட்டும். ஜோமார்ட்டை ராத்திரி வேலைக்குப் போகும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல், நீயும் நின்றபடியே சாப்பிடாதே.

இன்னொரு விஷயம். ஜீபெக்கின் துஷோவை இங்கே வந்துதான் செய்வோம் என்று நீ சொன்னதிலிருந்து, அவர் காலையில் வாய்க்கால் பாலம் வரைக்கும் ஓடுகிறார். ஓடுகிறார் என்பது அவர் சொல், நாய் முன்னாலேயே போய்ப் பாலத்தில் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிடுகிறது. போன வாரம் இவர் ஏப்ரிகாட் மரத்தோடு நின்றுவிட்டார், இந்த வாரம் பாலத்தைத் தொட்டுவிட்டு வந்தார். கலிபாவும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

கடவுள் உங்கள் மூவரையும் நல்ல உடம்போடு இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும், குழந்தைக்குக் காலும் மூச்சும் பலமாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, சோபாவை விட்டுக் கையை எடுக்கச் சொல்லி ஜீபெக்கை அவசரப்படுத்தாதே. அவள் மெதுவாக நடக்கட்டும், அவள் தாத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும்.

உன் நெற்றியில் முத்தத்துடன்,
அம்மா சைராகுல்