மருமகளுக்கு அனுப்பிய ஷூ

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. நான் கல்லுக்குண்டாக இருக்கிறேன். உன் மூட்டுவலி குறைந்ததா?

கம்பெனி ஓட்டப்பந்தயத்தில் நான் பறந்த பறப்பைப் பார்த்து மேனேஜரே வாயைப் பிளந்தார். பாதியில் குதிகால் சுருக்கென்றது. டாக்டர் என் ஷூவைக் கழற்றி மூக்கைப் பொத்திக்கொண்டார். "எவன் போட்டுத் தேய்ச்சதுய்யா இது? அடி செத்துப்போன ஷூவில ஓடினா கால் வலிக்காம என்ன செய்யும்?" உள்ளே எவனோ ஒருவனின் அழுக்கு பிசுபிசுத்தது.

உன் மகளுக்குப் புதுசு என்று அனுப்பியதும், இங்கே வேலை முடிந்து ஊர் திரும்பியவர்கள் விடுதியில் கழித்துப்போட்ட குவியலில், என் ஷூவோடு சேர்த்து எடுத்ததுதான். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் புதுசென்று கதை அளந்துவிட்டேன். ஓடினால் பாதம் வலிக்கிறது என்றாளே, உடனே அதைத் தூக்கி எறி.

அவள் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, அளவாகப் புதுசே வாங்குகிறேன். அப்படியே வீட்டில் எல்லார் பாதத்தையும் வரைந்து அனுப்பு. இங்கே என் கட்டிலுக்கு மேலே சுவர் காலியாகக் கிடக்கிறது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் தம்பி