பிளஸ் மாறிய ஸ்பீக்கர்

ஆசை மச்சான் சாதிக்,

எப்படியிருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். பரவாயில்லை, கேட்கிறேன். அங்கேயாவது பாட்டில் பேஸ் ஒழுங்காகக் கேட்கிறதா?

நீ கண்ணை மூடியபின் உன் நூர்ஜஹான் இத்தா என்று துக்கம் காத்து வீட்டுக்குள்ளேயே இருந்த மாதங்களில், வெளியாள் நான் உன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அது முடிந்து போன வாரம் அவளே போன் செய்தாள். "பாட்டு செட்டைப் போட்டா ஒரு பக்கம்தாண்ணா பாடுது. வீடு ஒரே அமைதியா கெடக்கு, வந்து பாருங்க" என்றாள். ஈயம் பற்றவைக்கும் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த ஸ்பீக்கர் ஒயர் ஞாபகமிருக்கிறதா? கடையில் விற்பதெல்லாம் ஒயரே இல்லை என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். என் மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து செம்புக் கம்பி கொண்டுவந்தேன். அவள் தலை பின்னுவது போல அதைப் பின்னிக் கொடுத்தாள். எல்லாக் கம்பியும் ஒரே நிறம், பிளஸ் எது மைனஸ் எது என்றே தெரியாது. டெய்லர் இல்லையா நீ, பிளஸுக்குச் சிவப்பு நூல் கட்டினாய்.

அன்றிலிருந்து பேஸ் கம்மி, பாட்டில் அந்த 'தம் தம்' அதிர்வே இல்லை. நீ ஒத்துக்கொண்டாயா? பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு லாட்ஜ்காரன் எல்லாம் ஏசி போடுகிறான், வோல்டேஜ் இல்லை என்றாய். கூட்டம் போனபிறகு சுவர் சரியில்லை என்றாய். கடைசியில் "மல பக்கத்துல இருக்குல்ல, அது இழுத்துக்குதுடா" என்று அண்ணாமலை மேலேயே பழியைப் போட்டாய்.

இடது ஸ்பீக்கரைத் திருப்பினேன், ஈயம் விட்டுப்போயிருந்தது. மறுபடி பற்றவைக்கப் போகும்போதுதான் பார்த்தேன், சிவப்பு நூல் மைனஸில் இருந்தது. அடப்பாவி! ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ள, இன்னொன்று பின்னால் இழுக்க, இத்தனை வருஷம் பாடியிருக்கிறது. நீ இருந்திருந்தால் தேரடி வீதி முழுக்கச் சொல்லி உன்னை ஓட்டியிருப்பேன். ஓட்டுவதற்கு நீ இல்லையே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு சரியாக மாற்றிப் போட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சமையலறையிலிருந்து வந்த நூர்ஜஹான் முகம் மாறிவிட்டது.

"முன்னல்லாம் பாட்டு வீடு ஃபுல்லா இருக்கும்ணா. இப்ப எவனோ ஒருத்தன் நடுவுல நின்னு பாடுறான்."

"இதான் தங்கச்சி கரெக்ட்டு. முன்ன இருந்தது தப்பு."

"இருக்கட்டும்ணா. அவரு போட்ட மாதிரியே போட்டுக் குடுத்துடுங்க. தனியா இருக்கேன்ல, எல்லா ரூம்லயும் கேக்கணும்."

தெரிந்தே தப்பாகப் பற்றவைத்தேன் மச்சான். அவள் பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் உருளும் சத்தத்தோடு அவள் அந்தப் பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது.

அந்த ஒயரை வேறு எவனையும் தொட விடமாட்டேன். அது விட்டுப்போகும் போதெல்லாம் நானே வந்து பற்றவைப்பேன். நான் இருக்கும்வரை உன் தப்பு அந்த வீட்டில் பத்திரமாக இருக்கும்.

நூர்ஜஹானுக்கு அண்ணன், அதனால் என்றைக்கும் உன் மச்சான்,
குமார்