துனியா என்ற சொல்லுக்கு உதாரணங்கள்

வவுனியா
4.3.1963

அன்புள்ள கைருன்,

நான் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துகிறேன் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். விடுதியில் நாம் இருவரும் கூட்டத்துக்குப் பயந்து கடைசியாகச் சாப்பிடப் போவோமே, அதே கூச்சம்தான். பட்டம் வாங்கியும் வீட்டில் உம்மாவோடு இருக்கும் உன்மேல் எனக்குப் பொறாமை.

ஓர் உதவி வேண்டும். நம் பேராசிரியர் அகராதிக்குச் சொற்கள் சேர்க்கிறார். முஸ்லிம் வீடுகளில் வழங்கும் ‘துனியா’ என் பங்குக்கு வந்தது. ‘உலகம், உலகப் பொருள்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு அது போதவில்லை. வீட்டில் பேசுகிறபடி வாக்கியங்கள் வேண்டுமாம். உம்மாவிடம் கேட்டு எழுதுவாயா?

உன்
அருந்ததி

*

தண்ணீரூற்று
11.3.1963

அன்பின் அருந்ததி,

உனக்கும் வீட்டாருக்கும் இறைவன் சுகம் தரட்டும். கேட்கவே தேவையில்லை, காதைக் கொடுத்தால் போதும்.

ஆடு என் புதுச் சேலையைத் தின்றபோது வாப்பா சொன்னது: “துனியாச் சாமான்தானே, விடு மகள்.”

வேலி எல்லைக்குச் சண்டை பிடிக்கும் பக்கத்து வீட்டு மீராசாகிபு காக்காவைப் பற்றி உம்மா சொன்னது: “துனியாப் பைத்தியம். ஆளை அடக்குற கபுறுக் குழிக்கும் வேலி அடைப்பார்.”

மூன்றாவதை எழுதக் கை வரவில்லை. உம்மாவின் மார்பில் ஒரு கட்டி. மாதக்கணக்காக மறைத்திருக்கிறார். வெட்டி எடுக்கவேண்டும், உடனே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று இங்குள்ள டாக்குத்தர் சொல்லிவிட்டார். “மருந்து செய்யிறதும் கடமைதானே, ஹவ்வா” என்று வாப்பா கெஞ்சினார். உம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “இந்தத் துனியா உடம்புக்கு ஏன் இவ்வளவு பாடு? வெட்டுக்கொத்து இல்லாமப் போறன்” என்றார்.

அவருக்குப் பயம், அருந்ததி. துனியாவை வெறுத்தவர் இல்லை. கத்தரியில் முதல் பூ வந்தால் அயலையே கூப்பிட்டுக் காட்டுகிறவர். படித்ததில் ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை.

கைருன்னிஸா

*

வவுனியா
15.3.1963

கைருன்,

அகராதியை விடு. என் அக்கா சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்தில் நேர்ஸ் என்பது உனக்குத் தெரியும். அவருக்குத் தந்தி கொடுத்தேன், பதிலும் வந்துவிட்டது. பெண் டாக்குத்தரிடமே காட்டலாமாம். “வெட்டமாட்டினம், பாக்க மட்டும்தான்” என்று உம்மாவிடம் சொல். பொய்தான். அங்கே வந்து சேர்ந்தால் மிச்சத்தை அக்கா பேசிக்கொள்வார். நாளைக் கடத்தாதே.

அருந்ததி

*

தண்ணீரூற்று
2.4.1963

அன்பின் அருந்ததி,

நீ சொல்லித் தந்த பொய்யைச் சொல்லித்தான் கூட்டிப்போனோம். அது பொய்யாகவே இல்லாமல் போயிற்று. டாக்குத்தர் பார்க்க மட்டும்தான் பார்த்தார். வெட்டுகிற காலம் கடந்துவிட்டதாம். உன் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

திரும்பும்போது ரயிலில் யன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், வெள்ளை உப்பு, வெயில். முக்காடு காற்றில் விலகியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“துனியா நல்ல வடிவு, என்ன மகள்?”

“ஓம் உம்மா” என்றேன். வாப்பா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாங்கள் இறங்கவேண்டிய மாங்குளத்தில் வாப்பா மூட்டையோடு இறங்கிவிட்டார். உம்மா எழும்பவில்லை. “இன்னும் கொஞ்சத் தூரம் போவமே” என்றார்.

நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.

கைருன்னிஸா