நாற்பத்திரண்டு கிளிகளும் அப்பாவும்

பிப்ரவரி 6, வியாழன்
காலையில் பனி. பைக் சீட் ஈரம். பேராவூரணி ரோட்டின் ரெண்டு பக்கமும் நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கு. மேலே கிளிக் கூட்டம்.
வனக் காப்பாளராகி நாலு மாசம். இதுவரை பிடித்தது: தேக்குக் கட்டை ஒரு வண்டி. உடும்பு ஒன்று. அவ்வளவுதான்.
ரேஞ்சர் ஐயா: "கிளி பிடிச்சுத் திருச்சிக்கு அனுப்புறாங்களாம். உங்க ஊர்ப் பக்கந்தாம்மா. பாரு."
சாக்ஸ் வாங்கணும்.

பிப்ரவரி 7, வெள்ளி
பிடிச்சாச்சு. வலை கட்டியிருந்தது எங்க குத்தகை வயலில்.
விடிந்ததும் போனோம். ரெண்டு பேர் வலையிலிருந்து கிளிகளை எடுத்துக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ஓடிட்டான். இன்னொருத்தனோடு வாய்க்கால் சேற்றில் விழுந்து புரண்டு நான்தான் பிடித்தேன். யூனிஃபார்ம் காலி. கிளிகள் நாற்பத்திரண்டு.
"யாரு வலை போடச் சொன்னது?"
"வயக்காரருதான் மேடம். நெல்லைத் தின்னுது, பிடிச்சுக்கங்கன்னாரு."
வயக்காரர் என்றால் அப்பா.
வீட்டில் சண்டை. "கோயில் நிலத்தைக் காலி பண்ணுன்னு ஏற்கெனவே கேஸு நடக்குது. இதுவும் சேந்தா குத்தகையே போயிடும். எம் பேரை எழுதாத."
"எழுதித்தான்ப்பா ஆகணும்."
பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, சனி
ஆபீஸ் முழுக்கக் கீச்சுக் கீச்சு. போன் பேச முடியல. கையெழுத்துக்கு வைத்த ஃபைலை ஒரு கிளி கூண்டுக்குள் இழுத்துக் கிழித்துவிட்டது. தீனி: கொய்யா, கம்பு, பச்சை மிளகாய்.
பதினொரு மணிக்கு அப்பா! தாலுகா ஆபீஸ் போகிற வெள்ளைச் சட்டையில். நேரே ரேஞ்சர் ஐயாவிடம் போனார்.
"நான் சொல்லித்தான்யா வலை போட்டாங்க. தப்புதான். வாங்கிட்டுப் போற வியாபாரியை எனக்குத் தெரியும். காட்டுறேன், எழுதிக்கங்க."
வெளியே வந்ததும் கேட்டேன், ஏம்ப்பா?
"நீ சேத்துல விழுந்து பிடிச்சதை ஊரே பேசுது. நான் ஒளிஞ்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"
கண் கலங்கிடுச்சு. தூசி என்றேன்.
சாயங்காலம் பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வியாபாரி சிக்கினான். அப்பா தூரத்திலிருந்தே கை காட்டினார்.

பிப்ரவரி 10, திங்கள்
கோர்ட். வெயில். கூண்டோடு போனோம். வேறு கேஸ் நடக்கும்போது நாற்பத்திரண்டும் சேர்ந்து கத்தல்.
ஜட்ஜம்மா: "என் குரலே எனக்குக் கேக்கல. முதல்ல இவங்க கேஸைக் கூப்பிடுங்க."
எல்லாருக்கும் சிரிப்பு. வியாபாரிக்கும் வலைக்காரனுக்கும் ஜாமீன் கிடையாது. தானாக வந்து சொன்னதால் அப்பா சாட்சி, கூடவே ஒரு திட்டு. கிளிகளை இன்றே பறக்க விட உத்தரவு.
குத்தகை பற்றிக் கோயில் ஆபீஸில் அப்பா பயந்து பயந்து கேட்டாராம். "அதுக்கும் கிளிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார்களாம். அந்தக் கேஸ் அது பாட்டுக்கு நடக்கும். அப்பாடா.
நாலு மணிக்கு ஏரிக்கரை. அப்பாவையே கூண்டைத் திறக்கச் சொன்னார் ரேஞ்சர் ஐயா. பச்சையாக ஒரு வீச்சு, அவ்வளவுதான், போயே போச்சு. ஒன்று மட்டும் அப்பா தோளில் ஏறி உட்கார்ந்து காதைக் கடித்தது.
"போடி, போ. நாளைக்கு அறுப்பு. இன்னிக்கு மட்டும் தின்னுக்க."