ஒண்ணு நின்னப்புறம் இன்னொண்ணு

எஃப்ரைன்,

துவரையைச் சின்ன மின்சாரச் சட்டியில போட்டு, கொஞ்சக் கரண்ட்லயே வேகட்டும்னு போர்வையால சுத்தி வெச்சிருக்கேன். வெயில் மலைக்குப் பின்னால இறங்குறதுக்குள்ள வெந்துடும். மூடியத் திறந்து திறந்து பார்க்காதே, சூடு போயிடும்.

வாஷிங் மெஷின் நின்னப்புறம் கெட்டிலப் போடு. ரெண்டையும் சேர்த்துப் போட்டுத்தானே நேத்து உன்கூட டொமினோ ஆடுற கூட்டாளிங்க முன்னாடி இன்வெர்ட்டர் படுத்துடுச்சு. சோலார் பேனல் போதலைன்னு என்கிட்ட கத்தினே. பேனல் போதும், உனக்குத்தான் பொறுமை போதாது.

சாயங்காலம் சான் ஹுவான்லேர்ந்து உங்க அக்கா மிர்ட்டா வர்றாங்க, இன்னும் நாலு பேனல் வாங்குங்கன்னு சொல்ல. முதல்ல ஒரு தட்டு துவரைச் சோறு வை. அப்புறம் பேசட்டும்.

நில்சா

போர்வையத் தேடாதே. நேத்து ராத்திரி கோவிச்சுக்கிட்டு நீ சோபாவுக்குத் தூக்கிட்டுப் போனதுதான் சட்டியச் சுத்தி இருக்கு. ராத்திரி என் போர்வை ரெண்டு பேருக்கும் போதும்.