தலைகீழாகக் குத்திய பேட்ஜ்

அன்புள்ள அங்கிள்,

நாளை பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி. என் அட்டையில் உங்கள் பேட்ஜைக் குத்திப் பார்த்தேன். ஊசியின் துரு வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. அம்மா பார்த்துவிட்டு, "தவறிப்போனவரைப் பத்தி எதுக்குடி இதெல்லாம் டிஸ்ப்ளே பண்றே? ஆன்ட்டி மனசு கஷ்டப்படாதா?" என்றாள்.

பழைய போட்டோக்களை ஸ்கேன் பண்ணித்தர ஐசலின் ஊரில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை, பெட்டியின் அடியில் இது கிடந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது என்று சொல்லி அதிபர் தேர்தலில் நின்ற, அமெரிக்கத் தென்மாநில ஆளுநர் ஒருவரின் பெயர் அதில் இருந்தது. "இது உங்களுதா அங்கிள்?" என்றேன். வாங்கி மூடிவைக்கப் பார்த்தீர்கள். நான் விடவில்லை.

அறுபதுகளின் கடைசி, நீங்கள் மாணவராக நியூ ஜெர்சிக்கு வந்த புதிது. ஊரில் எந்தக் கட்சிக் கூட்டமானாலும் பேச்சுக் கேட்கப் போய்விடுகிற பழக்கம் உங்களுக்கு. "நல்லா பேசுவாருன்னாங்க, போனேன்" என்றீர்கள். அரங்கம் நிரம்பி வழிந்ததாம். வடக்கில் அவருக்கு ஆளே இருந்திருக்காது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! அந்த உச்சரிப்பில் பாதி உங்களுக்குப் புரியவில்லை. வாசலில் தட்டில் இருந்த பேட்ஜை, நம் ஊர்க் கூட்டத்தில் குத்திக்கொள்வது போல, கோட்டில் குத்திக்கொண்டீர்கள். மறுநாள் அதே கோட்டோடு ஆய்வகம் போனீர்கள்.

அங்கே உங்கள் கறுப்பின நண்பர் இருந்தார். உங்கள் நிறத்தைப் பார்த்து மூன்று வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியபோது, தன் சித்தி வீட்டு மாடியில் அறை பிடித்துத் தந்தவர். அன்றிலிருந்து அவர் உங்களோடு மதியம் சாப்பிட வரவில்லை. பேட்ஜில் இருந்தவர் எப்படிப்பட்டவர் என்று மாலையில் வேறொருவர் சொன்னதும், வெட்கத்தில் கழற்றி ஒளித்தீர்கள். அவரிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

"இத்தனை வருஷம் கழிச்சு என்னம்மா சொல்றது?"

"சாரின்னு சொல்லுங்க அங்கிள். அவ்ளோதான்."

"நீ ஈஸியா சொல்லிட்டே."

ஆனாலும் பழைய மாணவர் பட்டியலில் நான் அவர் எண்ணைத் தேடித் தந்ததும், சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு, நானும் கேட்க ஸ்பீக்கரில் போன் பண்ணினீர்கள். அவர் முதலில் சிரித்தார். "தலைகீழாகக் குத்தியிருந்தாயே! உனக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதே தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் நான் ஏன் சாப்பிட வரவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்டபோது உங்கள் ஆங்கிலம் முழுக்க ஊர் ஆங்கிலமாகிவிட்டது. அதன்பின் கடைசிவரை ஞாயிறுதோறும் இருவரும் பேசினீர்கள்.

சற்றுமுன் ஆன்ட்டிக்கு போன் பண்ணி, பேட்ஜை வைக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா வை. ஆனா தலைகீழா வை. நேரா வச்சா அவருது இல்லன்னு ஆயிடும்" என்றார். சிரித்தார், மூக்கையும் உறிஞ்சினார். அப்படியே குத்திவிட்டேன். கீழே முழுக் கதையையும் எழுதியிருக்கிறேன், நீங்கள் கேட்காமல் விட்டதையும் சேர்த்து.

போன வாரம் என் சிநேகிதி கேன்டீனில் வேறு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். என் தட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் அமர்ந்து, ஏன் என்று கேட்டேன். காரணம் நான்தான். அன்றே கேட்டுவிட்டேன், அங்கிள்.